அனுபவம்: ஒன்பது வருடம்

ஜனவரி 8

என் செல்லத் துரைக்கு,

அக்கா எழுதுவது. நீ நலமா, சளி விட்டதா, ஷூவுக்குள் ஈரம் ஏறாமல் பார்த்துக்கொள்கிறாயா? இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம். இருக்கிறோம் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். போனில் நான் என்ன பேசினாலும் அப்பா கட்டிலில் கிடந்தபடி ஒரு வார்த்தை விடாமல் கேட்கிறார். கால்தான் வரவில்லை, காது நன்றாகத்தான் இருக்கிறது. அவரைப் பற்றி அவர் எதிரில் எப்படிப் பேசுவது? அதனால்தான் பேனா. ஐந்தாம் வகுப்போடு நின்றாலும் என் கையெழுத்து உன் கையெழுத்தை விட அழகு, அதை நீயே சொல்லியிருக்கிறாய்.

நேற்று என் நம்பருக்கு ஒரு பெண் பேசினாள். உன்னைக் கேட்டாள். வேலை தேடும் சைட்டில் உன் ரெஸ்யூம் இருக்கிறதாம், ரொம்பப் பழசாம், அப்டேட் செய்தால் நல்ல கம்பெனிகள் கூப்பிடுமாம். "என் தம்பிக்கு வேலை தேட வேண்டிய அவசியமே இல்லைம்மா, நாற்பது மாடி லிஃப்ட்டெல்லாம் அவன் சொன்னாத்தான் ஏறும், இறங்கும்" என்றேன். பாவம், பயந்து வைத்துவிட்டாள்.

போனை வைத்த பிறகு யோசித்தேன். எனக்கும் ஒரு ரெஸ்யூம் எழுதினால் என்ன? நாற்பத்தேழு வயது ஒரு வயதா? காஜா எடுத்துப் பட்டன் தைத்துக் கொடுப்பதில் கண் மங்கியதுதான் மிச்சம். வெளியே போய், நாலு மனுஷர் முகம் பார்த்து, சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும்படி ஒரு வேலை வேண்டும்.

அதற்கு நீ வர வேண்டும். உன் மாமா போன பிறகு நான் இரண்டு பையோடு இந்த வீட்டுக்கு வந்தேன். அடுத்த மாதமே அப்பா குளியலறையில் விழுந்தார். "நாலு மாசம் பாத்துக்கோக்கா, நான் வந்து கூட்டிட்டுப் போயிடுறேன்" என்று ஸ்டேஷனில் நின்று சொன்னாய். இது ஒன்பதாவது வருடம். நான் கணக்குக் கேட்கவில்லை. ஒரே ஒரு வருடம் அவரை நீ வைத்துக்கொள். எப்போது வருகிறாய் என்று தேதி போட்டு எழுது.

உன்னைத் தூக்கி வளர்த்த
அக்கா


ஜனவரி 19

அன்பு அக்கா,

உன் கடிதத்தை ஆபீஸில் வைத்துப் படித்தேன், சிரித்துப் புரையேறிவிட்டது. என்னைப் பற்றி அந்தப் பெண்ணிடம் நன்றாகத்தான் அளந்திருக்கிறாய்!

ஆனால் ஒன்று சொல்கிறேன், விளையாட்டில்லை. அந்த மாதிரி யார் கூப்பிட்டாலும் ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிடு. அந்த சைட்டில் நான் சேர்ந்தபோது என் போன் உடைந்து கிடந்ததால் உன் நம்பரைக் கொடுத்தேன். இந்த வேலை கிடைத்ததும் கம்பெனி பேரை மட்டும் அதில் சேர்த்தேன். அதை மாற்ற வேண்டும் வேண்டும் என்று ஏழு வருடம் ஓடிவிட்டது. எங்கள் கம்பெனியும் அந்த சைட்டுக்குக் காசு கட்டி வைத்திருக்கிறது. எங்கள் கம்பெனி பேர் போட்ட ரெஸ்யூமை யார் தொட்டாலும் எச்ஆர் அம்மாவின் திரையில் வந்து நிற்கும். போன மாதம் ஸ்டோர்ஸ் பையன் ஒருத்தன் ஆசைப்பட்டு அப்டேட் செய்தான். மறுநாள் காலை கேட்டிலேயே அவன் கார்டைப் பிடுங்கிக்கொண்டார்கள், டிபன் பாக்ஸைக் கூட உள்ளே போய் எடுக்க விடவில்லை.

இப்போது ஏரியா இன்சார்ஜ் பதவிக்கு இரண்டு பேரைப் பார்க்கிறார்கள். அதில் ஒருவன் உன் தம்பி. இந்த நேரத்தில் நான் எப்படி வருவது, நீயே சொல்.

உனக்கு எதற்கு அக்கா ரெஸ்யூம்? கல்வி: ஐந்தாம் வகுப்பு. அனுபவம்: தம்பியைத் திட்டுவது. இரண்டு வரியில் முடிந்துவிடும், மீதிப் பக்கத்தில் கோலம் போடலாம். கோபித்துக்கொள்ளாதே, தமாஷ். அப்பாவைப் பார்ப்பதை ஒரு வேலை மாதிரி நினைத்தால்தான் உடம்பு வலிக்கும். அது வேலையா அக்கா? அது பாசம். உன்னைப் போல யாருக்கும் வராது.

ஜூன் மாதம் பார்க்கலாம்.

பாசத்துடன்
தம்பி


பிப்ரவரி 2

என் துரைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தமாஷ் கிடைத்தது. நன்றாகச் சிரித்தேன்.

சிரித்து முடித்துவிட்டு நம் தெரு முனை கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். அப்பாவுக்குச் சாப்பாடு ஊட்டி, துணி மாற்றி, ஒருபக்கமாகப் படுக்க வைத்துவிட்டுப் போனேன். திரும்ப ஒன்றரை மணி நேரம்தான் அவகாசம். அங்கே இருக்கிற பெண் சின்னப் பெண், ஆனால் மரியாதையான பெண். ரெஸ்யூம் போட வேண்டும் என்றேன். நம்பர் கேட்டாள், கொடுத்தேன். என் போனுக்கு ஆறு எண் வந்தது, சொன்னேன். உடனே திரையில் யார் வந்து நின்றது? டை கட்டிக்கொண்டு நீ.

"இந்த நம்பர்ல ஏற்கெனவே ஒரு சார் இருக்காரேம்மா" என்றாள்.

"அது சார் இல்ல, என் தம்பி. அவன் என்ன எழுதியிருக்கான்னு டவுன்லோட் பண்ணி ஒரு பிரின்ட் குடு. அதைப் பாத்து எனக்கும் எழுதிக்கிறேன்" என்றேன்.

வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தேன். டிப்ளமோ, லிஃப்ட் சர்வீஸ், மெஷின் ரூம் என்று எல்லாம் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி. அதை அப்படியே எழுதுகிறேன்:

"இடைவெளி, எட்டு மாதங்கள்: படுத்த படுக்கையாக இருக்கும் தந்தையை முழு நேரமும் உடனிருந்து பராமரித்தேன்."

மூன்று தரம் படித்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள்தானே, தப்பாகப் படித்துவிட்டேனோ என்று அந்தப் பெண்ணிடமே திரும்பப் போய்ப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். அவளும் அதையேதான் படித்தாள்.

அந்த எட்டு மாதமும் நீ எங்கே இருந்தாய் என்று எனக்குத் தெரியும். பழைய வேலையில் சண்டை போட்டு வெளியே வந்து, சிநேகிதன் அறையில் சீட்டாடிக்கொண்டு இருந்தாய். கடைசியில் ஒரே ஒரு தரம் இங்கே வந்தாய், காலையில் வந்து சாயங்காலம் போனாய். அன்றைக்குத்தான் இந்த ரெஸ்யூமையும் இதே சென்டரில் போட்டிருக்கிறாய். அப்பாவுக்கு வயிறு சரியில்லாமல் இருந்தது. "நாத்தம் தாங்கலக்கா" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றாயே, அந்த நாள்.

நான் செய்தால் பாசம். நீ எழுதினால் அனுபவம். அப்படித்தானே?

போகட்டும். பிப்ரவரி முடிவதற்குள் வந்து அவரைக் கூட்டிப் போ. கடைசித் தரமாகக் கேட்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 12

அன்பு அக்கா,

இதற்கா இவ்வளவு கோபம்? ரெஸ்யூமில் யார் உண்மையை எழுதுகிறார்கள்? நடுவில் எட்டு மாதம் சும்மா இருந்தேன் என்று போட்டால் எவன் கூப்பிடுவான்? அப்பாவைப் பார்த்தேன் என்று போட்டால் கேட்பவனுக்கே கண் கலங்கும். இன்டர்வியூவில் அந்தச் சார் எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். அந்த வரியால்தான் வேலையே கிடைத்தது என்று வைத்துக்கொள். ஒரு விதத்தில் அது உன் ஆசீர்வாதம்தான்.

பிப்ரவரியில் முடியாது. என் அறை மூன்றாவது மாடி. எங்கள் கட்டிடத்தில் லிஃப்ட் இல்லை (சிரிக்காதே). அவரை எப்படி ஏற்றுவது, பகலில் யார் பார்ப்பது? எனக்கு அதெல்லாம் வராது அக்கா. உனக்குக் கை பழகிவிட்டது. பழகியவர் செய்வதுதான் அவருக்கும் நல்லது.

இனிமேல் அந்த சைட் பக்கம் போகாதே. உனக்கு அது புரியாது. எதையாவது தட்டிவிட்டு என் வாயில் மண்ணைப் போட்டுவிடாதே. பதவி கிடைத்ததும் உனக்கு ஒரு நல்ல போன் வாங்கித் தருகிறேன்.

அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


பிப்ரவரி 20

துரை,

உன் ரெஸ்யூமை அப்டேட் செய்துவிட்டேன்.

இன்று பதினொரு மணிக்குப் போனேன். அந்தப் பெண், "உங்களுக்குப் புதுசாப் போடணும்னா வேற நம்பர் வேணும்மா. இல்லன்னா இருக்கறவரை அழிச்சிட்டுத்தான் உங்களைப் போடணும்" என்றாள்.

"அழிச்சிடு" என்றேன்.

"கேக்காம அழிக்கலாமா?"

"அவன் எங்கிட்ட கேட்டா எழுதினான்?"

டிப்ளமோ போனது. ஐந்தாம் வகுப்பு வந்தது. மெஷின் ரூம் எல்லாம் போனது. அந்த ஒரு வரியை மட்டும் அழிக்க வேண்டாம் என்றேன். எட்டு மாதங்கள் என்பதை ஒன்பது வருடங்கள் என்று மாற்றச் சொன்னேன். "என்னென்ன செய்வீங்கம்மா?" என்று கேட்டாள். சொல்லச் சொல்ல டைப் அடித்தாள். குளிப்பாட்டுவது, பெட்பேன் வைப்பது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் போடுவது, முதுகுப் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுவது, மசித்து ஊட்டுவது, வசவு கேட்பது. வசவு வேண்டாம் என்று அவளே எடுத்துவிட்டாள். அப்படியும் ஒரு பக்கம் நிறைந்துவிட்டது, தம்பி. கோலம் போட இடமில்லை.

பேரை மாற்ற அடையாள அட்டை கேட்கிறது, நாலு நாளாகும் என்றாள். கிடக்கட்டும் என்றேன். போட்டோவும் கிடக்கட்டும் என்றேன். இப்போது வேலை பார்க்கும் கம்பெனி என்கிற கட்டத்தைக் காலியாக விட்டால் சேவ் ஆகாதாம். அதுவும் கிடக்கட்டும் என்றேன். கடைசியில், "எப்ப வேலைக்குச் சேருவீங்க?" என்று ஒரு கேள்வி.

"உடனே" என்றேன்.

எனக்குப் புரியாது என்று எழுதியிருந்தாய். நீ ஜனவரியில் எழுதியதை நான் ஒழுங்காகப் படித்துப் புரிந்துகொண்டுதான் போனேன்.

அக்கா


மார்ச் 1

அக்கா என்று எழுதக் கை வரவில்லை.

திங்கட்கிழமை காலை என்னை மீட்டிங் அறைக்குக் கூப்பிட்டார்கள். பதவிதான் என்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். பெரிய சார், எச்ஆர் அம்மா, எனக்குப் போட்டியாக இருந்தவன், எல்லோரும் இருந்தார்கள். பெரிய சார் அந்தக் காகிதத்தை எடுத்துச் சத்தமாகப் படித்தார். என் பேர். என் டை கட்டின போட்டோ. கல்வி: ஐந்தாம் வகுப்பு. படித்துக்கொண்டே வந்து, "ஒன்பது வருஷம் பெட்பேன் வெச்ச கை, உனக்கு எதுக்குப்பா ஸ்பானர்?" என்றார். சிரித்தார்கள் அக்கா. எச்ஆர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

என் அக்கா செய்த வேலை என்றேன். "உடனே சேரத் தயார்னு போட்டிருக்கு, நாங்க ஏன் தடுக்கணும்? அதோட, அஞ்சாவது படிச்சவங்க உன் அக்கவுன்ட்டுக்குள்ள போக முடியுதுன்னா உங்கிட்ட எந்தக் கட்டிடத்தோட சாவியைக் குடுக்கறது?" என்றார். கார்டை மேஜையில் வைக்கச் சொன்னார்கள். ஆறு வருடம். வெளியே வரும்போது லிஃப்டில் ஏறவில்லை, படியில் இறங்கினேன்.

உன் வயிறு குளிர்ந்ததா?


மார்ச் 9

என் துரைக்கு,

படித்தேன். வருத்தமாக இருந்தது. இரண்டு நிமிஷம் இருந்தது. அதற்குள் அப்பா "மண்டு, மண்டு" என்று கூப்பிட்டார், எழுந்து போய்விட்டேன். நாற்பத்தேழு வருடமாக எனக்கு அவர் வைத்த பேர் அதுதான். ஸ்கூலை விட்டு நிறுத்தியவரும் அவர், மண்டு என்று பேர் வைத்தவரும் அவர்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. முதியோர் இல்லங்களுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்ட் ஒருத்தர் சைட்டைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். "சார் இருக்காரா?" என்றார். "சார் போட்டோவுக்குத்தான், வேலை செஞ்சது நான்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது என்று சொல்லி, அங்கேயே தங்குகிற இடமாகப் பார்த்துக் கொடுத்துவிட்டார். நேரில் போனபோது மேட்ரன் ஒரு பாட்டியைக் காட்டிப் புரட்டிப் போடச் சொன்னார். போட்டேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

இருபதாம் தேதி காலை ஒன்பது மணிக்கு நான் கிளம்புகிறேன். உனக்கும் இப்போது வேலை இல்லை, வரலாம். சாவி எதிர்வீட்டு டெய்லரிடம் இருக்கும்.

நீ எழுதியிருக்கிற அனுபவம் உனக்குக் கை கொடுக்கும். இருந்தாலும் சொல்கிறேன். புரட்டும்போது அக்குளில் கை கொடுக்காதே, இடுப்பில் கொடு. வாய் துடைக்கும்போது கடிப்பார். மருந்தைத் துப்பினால் கன்னத்தை அழுத்தாமல் மூக்கை லேசாகத் தொடு, வாய் திறந்துவிடும். காலையில் முதல் வேலை பெட்பேன். மூச்சை அடக்கிக்கொண்டு செய்தால் மயக்கம் வரும். மூச்சு விட்டுக்கொண்டே செய்.

நீ ஒன்பது மணிக்கு வராவிட்டால் ஒன்பதே காலுக்கு அவர் தனியாக இருப்பார். நான் பொய் சொல்வதில்லை என்று உனக்குத் தெரியும்.

அக்கா


ஏப்ரல் 5

அக்கா,

இருபதாம் தேதி நான் வந்தபோது மணி பத்தே முக்கால். ரயில் தாமதம். உன் மனசு எப்படிக் கேட்டது? கட்டில் நனைந்து, அவர் சுவரைப் பார்த்துக் கிடந்தார். என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் வார்த்தை, "மண்டு எங்கடா?"

பதினாறு நாளாகிறது. என் கையை என்னாலேயே முகர முடியவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. ஊட்டினால் என் முகத்திலேயே துப்புகிறார், "அவ மாதிரி ஊட்டத் தெரியல, நீயெல்லாம் படிச்சவனா?" என்கிறார். நேற்று நானும் கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு, அடிக்குக் காத்துக்கொண்டிருந்தார்.

உன் கோபம் நியாயம். அந்த வரி எழுதியது தப்பு. ஒப்புக்கொள்கிறேன், போதுமா? நீ இருக்கிற இல்லத்திலேயே அவருக்கு ஒரு கட்டில் கேட்டுப் பாரேன். நீ அங்கேதானே இருக்கிறாய், அவருக்கும் நிம்மதி, எனக்கும் வேலை தேட நேரம் கிடைக்கும். உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 14

அன்புள்ள துரைக்கு,

கடிதம் கிடைத்தது. நான் இங்கே சுகம். இரண்டாம் மாடியில் இருக்கிறேன், எழுந்திருக்க முடியாதவர்கள் எல்லாம் இந்த மாடிதான். பச்சைச் சட்டை, சட்டையில் பேட்ஜ். எட்டு மணி நேரம் முடிந்ததும் இன்னொருத்தி வந்து "நீங்க போங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்கிறாள். முதல் நாள் அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு, எங்கே போவது என்று தெரியாமல் மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். இப்போது அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன். உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறது.

அதே வேலைதான் செய்கிறேன். ஆனால் இங்கே நன்றி சொல்கிறார்கள். பக்கவாதம் வந்த ஒரு வாத்தியார், பேச வராது, நான் தலை வாரிவிட்டால் என் புறங்கையை இரண்டு தரம் தட்டுகிறார். ஒன்பது வருடத்தில் எனக்கு அது கிடைத்ததில்லை.

அப்பாவை இங்கே சேர்க்க முடியாது. சேர்ந்த அன்றே கையெழுத்து வாங்கிவிட்டார்கள்: வேலை செய்பவர்களின் உறவினர் யாரும் இங்கே இருக்கக் கூடாது. மறைத்து வைத்தது தெரிந்தால் அன்றைக்கே வெளியே. மற்றவர்களைக் கவனிக்காமல் சொந்தக்காரரையே கவனிப்பார்களாம். அந்தத் தாளில் உடனே கையெழுத்துப் போட்டேன். நல்ல சட்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினாறு நாள் என்று எழுதியிருக்கிறாய். இன்னும் ஏழரை மாதம் இருந்தால் நீ ரெஸ்யூமில் எழுதினது உண்மையாகிவிடும்.

அக்கா


மே 2

என் அன்பு அக்கா,

நல்ல செய்தி. எனக்கு வேறு ஊரில் ஒரு சின்ன லிஃப்ட் கம்பெனியில் இடம் கிடைத்திருக்கிறது. புதுசாக ரெஸ்யூம் போட்டேன், என் சொந்த நம்பரில். இடைவெளி என்ற இடத்தில் அதே வரியை எழுதினேன். இந்தத் தரம் நேரில் கேட்டபோது என் கண்ணே கலங்கிவிட்டது. உண்மையைச் சொல்லும்போது அது தனி.

இன்னொரு நல்ல செய்தி. அப்பாவுக்கு இடம் கிடைத்துவிட்டது. வியாழக்கிழமை ஆம்புலன்ஸில் வருகிறார். இரண்டாம் மாடி, ஆறாம் நம்பர் கட்டில். உன் மாடிதான்.

போன வாரம் நீ ஓய்வில் இருந்த நாளாகப் பார்த்து வந்து பேசி முடித்தேன். உன் மேட்ரன் தங்கமான மனுஷி. உறவினர் பற்றிய கட்டத்தில் "மகன், ஒரே பிள்ளை" என்று எழுதினேன். முகவரிக்கு என் புது அறையைக் கொடுத்தேன். உன் அடையாள அட்டையில் மாமா பேர்தான் இருக்கிறது, அதனால் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வராது. நீயாக வாயைத் திறந்து சொன்னால்தான் தெரியும்.

சொல்ல வேண்டும் என்று தோன்றினால் சொல் அக்கா, நான் தடுக்கவில்லை. சொன்னால் உன் பேட்ஜைக் கழற்றி வாங்கிக்கொள்வார்கள், அப்பாவோடு நீயும் வீட்டுக்குப் போகலாம். வீட்டைக் காலி செய்து பூட்டித்தான் வைத்திருக்கிறேன். சாவி அதே டெய்லரிடம். சொல்லாவிட்டால், நீ சம்பளம் வாங்கிக்கொண்டு அவரைப் பார். வேலைதானே அது, பாசம் இல்லையே. நீதானே சொன்னாய்.

நீ அங்கே இருப்பதை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் முழுச் சாப்பாடும் சாப்பிட்டார்.

உன் அன்புத் தம்பி


மே 11

ஆறாம் நம்பர் கட்டிலில் இருப்பவரின் மகன் அவர்களுக்கு,

வியாழக்கிழமை மதியம் உங்கள் தந்தையார் வந்து சேர்ந்தார். ஸ்ட்ரெச்சரைப் பிடித்து இறக்கியதில் நானும் ஒருத்தி. முதுகில் புதிதாக இரண்டு புண். இடுப்பில் கை கொடுக்காமல் அக்குளில் கை கொடுத்துத் தூக்கியிருக்கிறீர்கள், தோளில் தெரிகிறது.

என்னைப் பார்த்ததும் "மண்டு வந்துட்டா, எம் பொண்ணு வந்துட்டா" என்று மாடி முழுக்கக் கேட்கும்படி சொன்னார். மற்ற கட்டிலில் இருந்தவர்கள் தலையைத் திருப்பினார்கள். மேட்ரன் கையில் பேனாவோடு நின்றுகொண்டிருந்தார்.

"உனக்குத் தெரிஞ்சவரா?" என்று கேட்டார்.

ஒரு நிமிஷம் அவகாசம் கொடுத்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவர் உடனே பதில் வேண்டும் என்று என் முகத்தையே பார்த்தார். நான் பேட்ஜைப் பிடித்துக்கொண்டேன்.

"இல்ல மேடம். வயசானவங்க சில பேர் இப்படித்தான், யாரைப் பாத்தாலும் பொண்ணும்பாங்க. இவருக்கு ஒரே பையன்தானே?" என்றேன்.

மேட்ரன் உங்கள் கையெழுத்து இருந்த தாளைப் புரட்டிப் பார்த்துத் தலையாட்டினார். உங்கள் தந்தையார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் நான் பிறந்த வருடம், என் அம்மா பேர், நான் எந்த ஸ்கூலில் ஐந்தாவது வரைக்கும் படித்தேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். அவ்வளவும் சரி. என் பிறந்த வருடம் அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். டாக்டரும் வந்து நின்று பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுக் கட்டிலில் தொங்குகிற அட்டையில் "மனக்குழப்பம்" என்று எழுதினார். இனிமேல் அவர் என்ன சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அவருக்கு எந்தக் குறையும் இல்லை. நேரத்துக்குக் குளிப்பாட்டுகிறேன், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் போடுகிறேன். பக்கத்துக் கட்டில்காரர்களுக்கு என்ன செய்கிறேனோ அதையேதான் செய்கிறேன், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கத்தாமல் இருக்க ஒரு மாத்திரை எழுதியிருக்கிறார்கள், அதை நான்தான் கொடுக்கிறேன். மூக்கைத் தொட வேண்டிய அவசியமே இல்லை, என் கையைப் பார்த்ததும் தானாகவே வாயைத் திறக்கிறார்.

இனிமேல் எனக்குத் தனியாகக் கடிதம் போட வேண்டாம். ஏதாவது கேட்க வேண்டுமானால் ஆபீஸ் வழியாகக் கேளுங்கள். பார்வையாளர் நேரம் ஞாயிறு மாலை நாலு முதல் ஆறு வரை. நீங்கள் வந்தால் மாடியில் நின்று அக்கா என்று கூப்பிடாதீர்கள். இங்கே அந்தப் பேரில் யாரும் வேலை செய்யவில்லை.

இப்படிக்கு,
இரண்டாம் மாடி ஆயா